மூன்றாம் நம்பர்

எட்டாம் நம்பரை யாருக்கும் பிடிக்காது. வண்டி வாங்கினால்கூட, கூட்டிப் பார்த்து எட்டு வராத நம்பராகத் தேடி வாங்குகிற ஊர் இது. சனியின் எண் என்று சொல்லிச் சொல்லியே அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பெண்கள்கூட, சனிக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரிந்திருந்தும், எட்டு என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். ராசி விஷயத்தில் மட்டும் நம் ஊரில் மத ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

ஆனால் லைனில் எட்டுப் பேர். எட்டுப் பேர் என்று வந்துவிட்டால், யாராவது ஒருத்தி எட்டாக இருந்துதானே ஆக வேண்டும்?

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களில் வெயில் ஐம்பது டிகிரியைத் தொட ஆரம்பித்த பிறகு வந்த ஏற்பாடு இது. குளிர்ச்சட்டை போடாமல் யாரும் பாத்தியில் இறங்கக் கூடாது. வரப்பின் மேல் ஒரு குளிர்வண்டி நிற்கும். அதிலிருந்து எட்டுக் குழாய்கள் எட்டுச் சட்டைகளுக்குப் போகும். குழாயோடு சேர்ந்து மெல்லிய கம்பி ஒன்றும் ஓடும். சட்டைக்குள் நெஞ்சை ஒட்டினாற்போல் ஒரு சென்சார், பொட்டுக்கடலை அளவுதான். அது உடம்புச் சூட்டை அளந்து கம்பி வழியாகச் சொல்லும். சூடு ஏறினால் சட்டைக்குள் குளிர்ந்த தண்ணீர் கூடுதலாக ஓடும். இறங்கினால் அடைத்துக்கொள்ளும். நாற்பதரையைத் தாண்டினால் சைரன் ஊதும், நகரத்திலிருந்து ஐஸ் வண்டி தானாகக் கிளம்பிவிடும்.

எட்டுச் சென்சாருக்கும் ஒரே கம்பி. யார் பேசுவது என்று குழம்பாமல் இருக்கத்தான் நம்பர். வண்டி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடும், கூப்பிட்டவள் மட்டும் பதில் சொல்வாள். ஒவ்வொரு சென்சாரிலும் அரிசி அளவில் மூன்று குச்சிகள் உண்டு. எதை மேலே தள்ளுகிறோம், எதைக் கீழே விடுகிறோம் என்பதில் இருக்கிறது நம்பர். மூன்று குச்சியை வைத்து எட்டு விதமாகத்தான் தள்ள முடியும். ஒன்பதாவது விதம் கடவுளே வந்தாலும் கிடையாது.

இந்தக் குச்சிகளுக்கெல்லாம் அதிகாரி சந்தனராஜ். லைன் மெக்கானிக். வடக்கு அளத்தில் ஒரு லைன், தெற்கு அளத்தில் ஒரு லைன், இரண்டுக்கும் அவன் ஒருவனே. அவன் மனைவி சீலி வடக்கு லைனில் மூன்றாம் நம்பர். மெக்கானிக் பெண்டாட்டி என்பதற்காக அவளுக்கு நல்ல நம்பர் கொடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. அது பொய், சீட்டுப் போட்டுத்தான் விழுந்தது. கடைசியாகச் சேருகிறவளுக்குக் கடைசி நம்பர் என்பது லைன் வழக்கம். அப்படி எட்டில் மாட்டிக்கொண்டவள் பேச்சிக்கனி.

நான்கு மாதம் எட்டைச் சுமந்தவள், அந்தச் சித்திரை மாதக் காலையில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தனராஜ் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நம்பரை மாத்தி வையுங்களேன்.”

“ஏன், இன்னைக்கு மட்டும் சனி லீவா?”

“கேலி பண்ணாதிய. சாயங்காலம் மவளைப் பொண்ணு பாக்க வாராவ. ஏரல்காரவ. நல்ல எடம். இன்னைக்குப் போயி நெஞ்சுல எட்டை வச்சுக்கிட்டு நிக்கணுமா?”

“நெஞ்சுல எட்டுன்னு எழுதியா இருக்கு? மூணு குச்சி. மூணும் மேல நிக்கி, அவ்வளவுதான்.”

“ஒங்களுக்குக் குச்சி. எனக்கு அப்படியா?”

சந்தனராஜ் சிரித்துவிட்டு மறுத்திருக்கலாம். மற்ற நாளாக இருந்தால் மறுத்திருப்பான். அன்றைக்கு சீலி வேலைக்கு வரவில்லை. அவள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். மூன்றாம் நம்பர் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற நம்பரை ஒரு நாளைக்குக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று அவனுக்குத் தோன்றியது. பிசகு என்று எதுவும் படவில்லை. பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்பார்கள். அது பழி வந்து சேர்ந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

குண்டூசி முனையால் ஓரத்துக் குச்சி இரண்டையும் கீழே தள்ளினான். நடுவில் இருப்பது மட்டும் மேலே நின்றது.

“இந்தா, மூணு. போதுமா?”

“மூணு குரு நம்பர்லா. நல்லாருப்பிய அண்ணாச்சி” என்று பேச்சிக்கனி கும்பிட்டாள்.

பட்டியலில் உள்ள எட்டாம் நம்பர் பதில் சொல்லாவிட்டால் குளிர்வண்டி காத்துக்கொண்டே நிற்கும், லைன் ஓடாது. அதனால் ‘எட்டு: விடுப்பு’ என்று சந்தனராஜே அழுத்தினான். அந்தக் கணக்குப்படி பேச்சிக்கனி வீட்டில் இருந்தாள், சீலி வேலைக்கு வந்திருந்தாள். ஒரு நாள் கூத்து, சாயங்காலம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, தெற்கு அளத்தில் குழாய் ஒழுகுகிறது என்று ஆள் வந்து சொன்னதால் அங்கே போனான்.

நடுவே நடந்தது அவனுக்குத் தெரியாது. சீலியின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சிப் பார்த்துச் சலித்த சீலி, வீட்டில் கிடந்து வேகுவதற்கு அளத்துக்காவது போகலாம் என்று எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தாள். ஆணியில் தொங்கிய தன் சட்டையை எடுத்து மாட்டினாள். காலியாக இருந்த குழாயைச் சொருகினாள், கம்பியைச் சொருகினாள், பாத்தியில் இறங்கினாள். எட்டுச் சட்டை, எட்டுப் பெண்கள். பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

தெற்கு அளத்தில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சந்தனராஜ், அவ்வப்போது கையில் இருந்த சிறு திரையில் வடக்கு லைனையும் பார்த்துக்கொண்டான். ஒன்று முப்பத்தேழு. இரண்டு முப்பத்தெட்டு. மூன்று முப்பத்தாறு. ‘பேச்சிக்கு இன்னைக்கு மனசு குளுந்துட்டு, உடம்பும் குளுந்துட்டு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்தரை மணிக்கு மறுபடி பார்த்தபோது மூன்றுக்கு நேராக முப்பத்திரண்டு என்று இருந்தது.

சித்திரை வெயிலில் முப்பத்திரண்டு டிகிரியில் உயிருள்ள உடம்பு கிடையாது. அது அவனுக்குத் தெரியும். வேர்வையில் சென்சார் தோலைவிட்டு நழுவியிருக்கும், இந்தக் குழாயை முடித்துவிட்டுப் போய் ஒட்டிவிடலாம் என்று நினைத்தான். குழாயை முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தை அவன் இனி ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பான்.

சைரன் ஊதியது. திரையில் மூன்று: நாற்பத்தொன்று.

வரப்பு வழியாக அவன் ஓடி வந்து சேர்ந்தபோது, குளிர்வண்டியின் நிழலில் இரண்டு பெண்களைக் கிடத்தியிருந்தார்கள். கங்காணி மரியதங்கமும் மற்றப் பெண்களும் பாத்தியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்ததில் குழாயும் கம்பியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒருத்தி பேச்சிக்கனி. மற்றவள் முகத்தை மூடியிருந்த துண்டை விலக்கினான். சீலி.

“இவ எங்க இங்க?” என்றான். “இவ ஆஸ்பத்திரிக்குலா போனா” என்று மறுபடி சொன்னான். பிறகுதான் அவனுக்கு விளங்கியது. விளங்கியதும் உப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு பேரின் நெற்றியும் அடுப்புக்கல்லாகச் சுட்டது. இரண்டு பேருக்கும் நினைவில்லை. வேர்வை நின்றுபோயிருந்தது. அதுதான் பயம்.

ஐஸ் வண்டி பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. வண்டியோடு வந்த உதவியாளர் மீராசா கதவைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு தொட்டி, அது நிறைய ஐஸ் தண்ணீர்.

“மூணாம் நம்பர் யாரு?”

எல்லாரும் சந்தனராஜைப் பார்த்தார்கள்.

“ரெண்டு பேரையும் ஏத்துங்க தம்பி. ரெண்டு பேரும் ஒரே நெலைமதான்” என்றாள் மரியதங்கம்.

“தொட்டி ஒண்ணுதான்க்கா. ரெண்டு பேரை அமுக்குனா ரெண்டு பேருக்குமே சூடு எறங்காது. ஒரு நம்பருக்கு ஒரு வண்டி. இன்னொருத்தவங்க என்ன நம்பர்?”

“அவளும்…” என்று தொடங்கிய மரியதங்கம் நிறுத்திக்கொண்டாள்.

“அண்ணே, நேரமில்ல. மூணு யாரு?” மீராசா சந்தனராஜின் தோளைத் தொட்டுக் கேட்டான்.

பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. சீட்டுப் போட்ட நாளிலிருந்து மூன்று சீலிதான். பட்டியலில் இருப்பது சீலியின் பெயர்தான். இன்றைக்கு வேலைக்கு வந்தவளும் அந்தப் பட்டியல்படி சீலிதான். இத்தனை நியாயங்களும் அவன் மனசில் வரிசையாக வந்து நின்றது பிறகுதான். அதற்கு முன்பே அவன் விரல் நீண்டிருந்தது.

“இவதான். என் வீட்டுக்காரி.”

சீலியைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். கதவு மூடியது. வண்டி போன பிறகு சந்தனராஜ் பேச்சிக்கனியின் பக்கம் திரும்பினான். அவள் சட்டையை விலக்கி, குண்டூசியால் ஓரத்துக் குச்சி இரண்டையும் மேலே தள்ளினான். குழாயையும் கம்பியையும் சொருகினான். ‘எட்டு: விடுப்பு’ என்று காலையில் அழுத்தியதை நீக்கினான். திரையில் எட்டு என்று வந்தது. நாற்பத்தொன்றரை. சைரன் ஊதியது. சட்டைக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“சென்சார் சொல்லிட்டு. ஐஸ் வண்டி வரும்” என்றான்.

வரவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. எட்டாம் நம்பருக்கு இன்று முந்தைய பதிவு எதுவும் இல்லை, ஒரு மணி நேரத் தொடர் பதிவுக்குப் பின் பரிசீலிக்கப்படும்.

சந்தனராஜ், ஐஸ் வண்டிகளை அனுப்புகிற வெப்ப மையத்துக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண், பொறுமையாகத்தான் பேசினாள்.

“சார், புரியுது. ஆனா புது நம்பர் திடீர்னு நாப்பத்தொண்ணுல ஆரம்பிச்சா சிஸ்டம் எடுக்காது. போன வருசம் வெயில்ல கெடந்த கல்லை எடுத்து சென்சார்ல வச்சு வண்டியை வரவழைச்சாங்க. நெசமா விழுந்தவங்களுக்கு அன்னைக்கு வண்டி இல்லாமப் போச்சு. அதுக்கப்புறம் வந்த ரூல்.”

“நான் கையை வச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்மா. கொதிக்கி.”

“நீங்க சொல்றதை நான் நம்புறேன் சார். நான் நம்புனா மட்டும் வண்டி கிளம்பாது.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொன்ன காலம் போய்விட்டது. இப்போது ஏட்டில் இருக்கிற சுரைக்காய்தான் சுரைக்காய். ஐந்தாம் நம்பர்க்காரி தன் சென்சாரைக் கழற்றிப் பேச்சிக்கனி நெஞ்சில் ஒட்டிப் பார்த்தாள். ‘திடீர் ஏற்றம், சந்தேகம்’ என்று அதையும் தள்ளிவிட்டது. உப்பு லாரியில் போட்டுக்கொண்டு போகலாம் என்றால், பத்து மணிக்கு மேல் மாலை வரை திறந்த வண்டி எதுவும் சாலையில் ஓடக் கூடாது. மீறி ஓடினாலும், பதினான்கு கிலோமீட்டர் தகரத்தின் மேல் கிடத்தி எடுத்துப்போவதும் அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான். ஆகவே உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பெண்களும் சுற்றி நின்று சேலையை விரித்துப் பிடித்தார்கள். சந்தனராஜ் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசிறினான்.

“முப்பத்தாறுன்னுதானப்பா காட்டிட்டு இருந்துச்சு. நானும் வண்டிப் பக்கம் வாரப்பெல்லாம் பாத்தேனே” என்றாள் மரியதங்கம். அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. “ரெண்டு பேரு சூட்டைக் கூட்டிக் காமிச்சாலாவது எழுபது எம்பதுன்னு காட்டியிருக்கணும். பாதியாக்கிக் காமிச்சாலும் நாப்பதுக்குப் பக்கத்துல வரணும். ரெண்டு பேரும் கொதிக்கையில முப்பத்திரண்டு எங்கருந்து வரும்?”

சந்தனராஜ் விசிறியை நிறுத்தாமல் சொன்னான். “சென்சாருக்கு எண்ணத் தெரியாதுக்கா. ‘உண்டு’, ‘இல்ல’ இந்த ரெண்டு வார்த்தைதான் தெரியும். நாப்பதுங்கறதையே முப்பத்திரண்டு உண்டு, பதினாறு இல்ல, எட்டு உண்டுன்னு வரிசையாத்தான் சொல்லும். ‘உண்டு’ன்னா கம்பியைச் சும்மா விட்டுரும். ‘இல்ல’ன்னா கம்பியைப் புடிச்சுக் கீழ இழுக்கும். ஒருத்தி மட்டும் பேசுனா ஒரு பிரச்சினையும் இல்ல. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுதாவன்னு வையுங்க. ஒருத்தி உண்டுன்னு விட்டுருதா, இன்னொருத்தி இல்லன்னு இழுக்கா. கம்பி எந்தப் பக்கம் போவும்?”

“இழுத்த பக்கம்.”

“எப்பவுமே ‘இல்ல’ங்கறதுதான் ஜெயிக்கும். ஒருத்திக்கு நாப்பது, ஒருத்திக்கு முப்பத்தொம்போது. ரெண்டையும் மேல மேல வச்சா, ரெண்டு பேரும் சேந்து உண்டுன்னு சொன்ன முப்பத்திரண்டு மட்டுந்தான் மிஞ்சும். உள்ளதை விடக் குறையுமே தவிர ஒருநாளும் கூடாது. வண்டி அதைக் கேட்டுட்டு, மூணாம் நம்பரு குளுந்து கெடக்கா, தண்ணியை அடைன்னு சொல்லும். ரெண்டு சட்டைக்கும் அது கேக்கும். ரெண்டும் அடைச்சுக்கிடும்.”

மரியதங்கம் தன் பக்கத்துச் சேலையை இன்னும் இழுத்துப் பிடித்தாள். “நல்ல கம்பிதான் கண்டுபிடிச்சானுவ” என்று மட்டும் சொன்னாள்.

குளிர்வண்டியின் கைப்பிடியில் தொங்கிய பைக்குள் பேச்சிக்கனியின் போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும். மூன்று முறை அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. சட்டைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது, சூடு அரை டிகிரி இறங்கியது, மறுபடி ஏறியது. மூளைக்குள் ஏறிவிட்ட சூட்டை அந்தத் தண்ணீரால் இறக்க முடியாது, அதற்கு ஐஸ் வேண்டும். சந்தனராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதிவு: நாற்பது நிமிடம். பதிவு: நாற்பத்தைந்து நிமிடம். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் பேச்சிக்கனி அடங்கிவிட்டாள்.

எட்டு நிமிடம் கழித்துப் பதிவு ஒரு மணி நேரம் ஆனது, அதற்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்து ஐஸ் வண்டி வந்தது. மீராசாதான் வந்தான். இறங்கிப் பார்த்துவிட்டு, கதவை மூடாமலே வெகுநேரம் நின்றான்.

மறுநாள் மத்தியானம் வெப்ப வார்டில் சீலி கண் விழித்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. ஆபத்து தாண்டிவிட்டது, புண்ணியம் செய்தவர் நீங்கள் என்று டாக்டர் சந்தனராஜிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவன் கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அதிகாலையில் பேச்சிக்கனியை அடக்கம் செய்த இடத்திலிருந்து நேராக வந்திருந்தான். அங்கே அவள் மகள் அவனிடம், “அம்மா நேத்து லீவுன்னு மையத்துல எழுதியிருக்காம் மாமா. அப்ப எதுக்கு அளத்துக்குப் போனா?” என்று கேட்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணொண்ணா ஞாபகம் வருது” என்றாள் சீலி. “சட்டையில தண்ணியே வரல. பேச்சி அக்கா பக்கத்துப் பாத்தி. ‘எனக்கும் வரலட்டீ’ன்னா. கொஞ்சம் பொறுப்போம், அவரு வந்து பாப்பாருன்னு சொன்னேன். பெறவு அவளுக்குப் பேச்சு கொழற ஆரம்பிச்சிட்டு. உப்பு வாருத பலகையைப் போட்டுட்டுச் சாஞ்சிட்டா.”

“பேசாத. டாக்டர் பேசக் கூடாதுன்னுருக்காரு.”

“சைரன் ஊதும் ஊதும்னு பாக்கேன், ஊதல. அவ சட்டையைப் பிரிச்சுப் பாத்தா, சென்சார்ல நடுக்குச்சி மட்டும் மேல நிக்கி. அது என் நம்பர்லா? எப்படி அவகிட்ட வந்துச்சுன்னு வெளங்கல. ஆனா நீங்க வீட்டுல எத்தனை தடவ பொலம்பியிருக்கிய, ஒரே நம்பர்ல ரெண்டு பேரு பேசுனா நெசம் வெளிய வராதுன்னு.”

சந்தனராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“எனக்கும் அப்பமே கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அவ கம்பியைப் பிடுங்குனா அவளுக்கு ஐஸ் வண்டி வராது. ஒத்தப் பொம்பளப்புள்ளைய வச்சிருக்கா, சாயங்காலம் பொண்ணு பாக்க வாராவன்னு வேற சொல்லிட்டுக் கெடந்தா. அதான் என் கம்பியைப் பிடுங்கி எறிஞ்சிட்டேன். நான் வாயை மூடுனா அவ பேச்சு வெளிய கேக்கும்லா. எறிஞ்ச ஒடனே சைரன் ஊதுச்சு பாத்துக்கிடுங்க. அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல.”

அவள் கழுத்தை மெல்லத் திருப்பி வார்டின் மறுபக்கத்துக் கட்டில்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அவளுக்கு வண்டி வந்துட்டுல்லா? எந்தக் கட்டில்ல போட்டிருக்காவ?”

சந்தனராஜ் எழுந்தான். மேசை மேலிருந்த தம்ளரை எடுத்தான், அதில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தான்.

“தண்ணி குடிக்கியா?” என்றான்.

“அவளுக்கு மொதல்ல குடுங்க” என்றாள் சீலி.